நேப்பிள்ஸில் நான்கு நாள்: ஊரையும் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டும் வர ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நேப்பிள்ஸ் திட்டத்தில் இடம்பெற்றாலும், ரோமிலிருந்து காலையில் ரயில் ஏறி, பொம்பெயி இடிபாடுகளைப் பார்த்து, ஒரு பிட்சா சாப்பிட்டுவிட்டு இரவே திரும்பிவிடுகிற ஊராகத்தான் இருக்கிறது. இல்லையென்றால் அமால்ஃபி கடற்கரைக்கும் காப்ரி தீவுக்கும் வண்டி மாறும் இடம். இந்த ஊருக்கு அது நியாயமே இல்லை. கிரேக்கர்கள் போட்ட தெரு அமைப்பில் இன்றைக்கும் மக்கள் துணி காயப்போட்டு, காய்கறி வாங்கி, சத்தம் போட்டு வாழ்கிற ஊர் இது. இதற்கு முழுசாக நான்கு நாள் கொடுங்கள். அமால்ஃபியையும் காப்ரியையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். அவை தனியாக ஒரு பயணம் கேட்கிற இடங்கள்; நடுவில் செருகினால் இரண்டும் கெடும்.

திட்டத்தின் அடிப்படை ஒன்றுதான்: ஒரு நாளைக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்த இடம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். மீதி நேரம் தெருவுக்கும் சாப்பாட்டுக்கும். நேப்பிள்ஸில் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் நடுவில் நடக்கும்போதுதான் ஊர் கண்ணில் படுகிறது. மணிக்கு ஒரு நுழைவுச்சீட்டு எடுத்து வைத்துவிட்டால், பொரித்த பண்டத்தின் வாசனை வரும் கடை முன்னால் நிற்கக்கூட நேரம் இருக்காது.

எப்போது போகலாம்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய. ஜூலை, ஆகஸ்டில் பொம்பெயியில் நிழலே கிடைக்காது, வெயிலுக்குப் பழகிய நமக்கும் அது கஷ்டம். அதைவிட முக்கியமான காரணம், ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை. அதையொட்டிய நாட்களில் குடும்பமாக நடத்துகிற நல்ல சாப்பாட்டுக் கடைகள் பல மூடிக் கிடக்கும். சாப்பாட்டுக்காகப் போகிற ஊருக்கு அந்த நேரத்தில் போவதில் அர்த்தம் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அரசு அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கூட்டம் தாங்காது. அந்த நாளில் பொம்பெயியை வைக்க வேண்டாம். கூட்டத்தைத் தேடியே போகிறவர்களுக்கு இன்னொரு நாள் இருக்கிறது: செப்டம்பர் 19, ஊரின் காவல் புனிதரான சான் ஜென்னாரோவின் திருநாள். குப்பியில் காத்துவைத்திருக்கிற அவருடைய இரத்தம் இளகுகிறதா என்று கதீட்ரல் முழுக்க ஜனம் காத்திருக்கும். மே மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமையும், டிசம்பர் 16ம் இதே சடங்கு நடக்கும் மற்ற நாட்கள்.

விசாவும் வழியும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். கெடுவரை காத்திருக்காமல் இரண்டு மூன்று மாதம் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள், கோடைக்கு முன்னால் விண்ணப்ப மையங்களில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கிற பயணக் காப்பீடு கட்டாயம்.

சென்னையிலிருந்து நேப்பிள்ஸுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாக ரோமில் இறங்கி, தெர்மினி நிலையத்திலிருந்து அதிவேக ரயில் பிடிப்பது எளிய வழி. ஒன்றே கால் மணி நேரத்துக்குள் நேப்பிள்ஸ் சென்ட்ரல் வந்துவிடும். இந்த ரயில் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் பாதிக்குப் பாதி மிச்சமாகும். நேப்பிள்ஸ் விமான நிலையத்திலேயே இறங்குகிறவர்களுக்கு, ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் அலிபுஸ் என்ற பேருந்து ஓடுகிறது.

கிழமையை முதலில் பாருங்கள்

பலர் ஹோட்டல் பதிவு செய்த பிறகுதான் எது எப்போது மூடியிருக்கும் என்று பார்க்கிறார்கள். நேப்பிள்ஸில் அது தலைகீழாக நடக்க வேண்டும். தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். முக்காடிட்ட கிறிஸ்து சிலை இருக்கும் சான்செவெரோ சிற்றாலயமும் செவ்வாய்க்கிழமை மூடல். கப்போதிமோந்தே அரண்மனையும், மலை மேலிருக்கும் சான் மார்த்தீனோ மடமும் புதன்கிழமை மூடல். பேர்பெற்ற பிட்சா கடைகள் பலவற்றுக்கு ஞாயிறு விடுமுறை.

ஆக, வியாழன் மாலை வந்து சேர்ந்து, வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் நான்கு நாள் இருந்துவிட்டு, செவ்வாய் காலை கிளம்புவது எதிலும் முட்டாத கணக்கு. கீழே சொல்லும் நாள்வரிசை இதற்குப் பொருந்தும்படிதான் இருக்கிறது. வேறு கிழமையில் போனால் நாட்களை முன்பின்னாக மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நாளுக்குள் இருப்பதைப் பிரிக்காதீர்கள். நடக்கும் தூரத்தைப் பார்த்துச் சேர்த்தவை அவை.

எங்கே தங்குவது

பழைய நகரத்துக்குள், தாந்தே சதுக்கத்துக்கும் கதீட்ரலுக்கும் இடையில் தங்கினால் முக்கால்வாசி இடங்களுக்கு நடந்தே போகலாம். இரவு பன்னிரண்டு மணிக்கும் தெருச் சத்தம் கேட்கும். தூக்கம் முக்கியம் என்றால் வொமேரோ மலைப்பகுதியோ, கடலோரக் கியாயா பகுதியோ நல்லது. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு நான் வொமேரோவைத்தான் சொல்வேன். கேபிள் ரயிலில் பத்து நிமிடத்தில் கீழே வந்துவிடலாம். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள் மலிவு, ஆனால் இரவில் திரும்பி வரும்போது அந்தச் சுற்றுவட்டாரம் மனசுக்கு இதமாக இருக்காது.

பதிவு செய்யும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா? பழைய மாளிகைகளின் மாடிகள் உயரமானவை. நான்காவது மாடி என்றால் நம் ஊர் ஆறாவது மாடி ஏறுகிற அளவுக்கு மூச்சு வாங்கும். சில பழைய கட்டடங்களில் லிஃப்டுக்குக் காசு போட வேண்டியிருக்கும், அதனால் சில்லறை கையில் இருக்கட்டும். தங்கும் வரி என்று ஆளுக்கு ஒரு இரவுக்குச் சில யூரோ தனியாகக் கேட்பார்கள், அது முறைப்படியானதுதான்.

முன்பதிவு: மூன்று போதும்

முதலில் சான்செவெரோ சிற்றாலயம். சின்ன இடம், நேரம் குறித்துத்தான் உள்ளே விடுகிறார்கள், வார இறுதிச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்து பொம்பெயி. 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பு வைத்து, சீட்டில் பெயர் போட்டுக் கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரையே பதியுங்கள், பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். மூன்றாவது சான் ஜென்னாரோ நிலத்தடிக் கல்லறைகள். வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும் என்பதால், ஆங்கிலச் சுற்று எத்தனை மணிக்கு என்று பார்த்து எடுங்கள்.

மற்றவற்றுக்கு நேரில் போய்ச் சீட்டு வாங்கலாம். மூன்று நாள் கம்பானியா ஆர்ட்கார்டு என்று ஓர் அட்டை இருக்கிறது. முதல் சில இடங்களுக்கு இலவச நுழைவு, மற்றவற்றுக்குத் தள்ளுபடி, கூடவே பேருந்து, மெட்ரோவும் அதில் அடக்கம். பொம்பெயியும் அருங்காட்சியகமும் சேர்ந்தாலே நாற்பது யூரோவை நெருங்கும் என்பதால், அந்த இரண்டையும் உள்ளடக்கிய வகையை எடுத்தால் பெரும்பாலும் லாபம்தான். வாங்கும் முன் உங்கள் பட்டியலில் இருக்கும் இடங்கள் எந்த வகை அட்டையில் வருகின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாப்பாடு: இதற்குத்தான் அதிகமாகத் தயாராக வேண்டும்

முதலில் நேரம். மதியச் சாப்பாடு பன்னிரண்டரை முதல் மூன்று வரை, இரவுச் சாப்பாடு ஏழரை எட்டுக்கு மேல். நடுவில் பல உணவகங்களில் அடுப்பே எரியாது. அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே தெருத் தீனி இருக்கிறது.

பிட்சாவில் இரண்டைத்தான் முதலில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். மார்கெரீத்தா என்றால் தக்காளி, பால்கட்டி, துளசி வகை இலை, எண்ணெய். மரினாரா என்றால் தக்காளி, பூண்டு, ஒரெகானோ, எண்ணெய், அவ்வளவுதான். பெயரைக் கேட்டு மீன் இருக்கும் என்று பயப்பட வேண்டாம், மரினாராவில் மீனும் இல்லை, பாலும் இல்லை. பால் சேர்க்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். என்னைக் கேட்டால் ஒரு கடை எப்படிப்பட்டது என்பதை மரினாராதான் காட்டிக்கொடுக்கும், மாவும் தக்காளியும் சுமாராக இருந்தால் மறைக்க அதில் வேறு எதுவுமே கிடையாது.

485 டிகிரியைத் தொடும் விறகு அடுப்பில் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் வெந்து வருகிற பிட்சா இது. ஓரம் உப்பி அங்கங்கே கருகியிருக்கும், நடுவில் தளதளவென்று ஈரமாக இருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள், இங்கே பிட்சா அப்படித்தான். ஆளுக்கு ஒன்று வாங்குவதுதான் வழக்கம், கத்தியும் முட்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017ல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. 1870 முதல் இருக்கிற தா மிக்கேலே, த்ரிபுனாலி தெருவில் சொர்பில்லோ, மாத்தெர்தேய் பகுதியில் ஸ்தரீத்தா, சானித்தாவில் கொன்செத்தீனா என்று பேர்பெற்ற கடைகள் பல. எல்லாவற்றிலும் வரிசை உண்டு. மதியம் கடை திறக்கிற நேரத்துக்கு, அல்லது இரவு ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். ஒன்பது மணிக்குப் போனால் பத்தரைக்குத்தான் உட்காருவீர்கள். வரிசை நீளமாக இருந்தால் நாலு கடை தள்ளிப் போய்ச் சாப்பிடுங்கள். த்ரிபுனாலி தெருவில் சுமாரான பிட்சாவே மற்ற ஊர்களின் நல்ல பிட்சாவை விட மேல். தெருவில் நடந்துகொண்டே சாப்பிட, நான்காக மடித்துக் காகிதத்தில் வைத்துத் தருகிற சின்ன பிட்சாவும் கிடைக்கும். இரண்டு யூரோவுக்கு அதைவிட நல்ல மதியச் சாப்பாடு ஐரோப்பாவில் அதிகம் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கண்ணுக்குத் தெரியாத பன்றிக் கொழுப்பு. பிட்சா மாவில் அது கிடையாது. ஆனால் ஊரின் அடையாளமான ஸ்ஃபோல்யாதெல்லா என்ற இனிப்பின் அடுக்கு மாவில் பாரம்பரியமாக அதைச் சேர்ப்பார்கள். உள்ளே ரவை, ரிக்கோத்தா என்ற பால்கட்டி, ஆரஞ்சுத் தோல் இருக்கும், கூடவே வழக்கமாக முட்டையும் சேரும். மிளகும் பாதாமும் போட்ட தராலி என்ற முறுமுறு வளையத்திலும் அதே கதை. பொரித்த பிட்சாவுக்குள் சிக்கொலி என்ற பன்றித் துணுக்குகளை வைப்பது வழக்கம். பாஸ்தாவை உருட்டிப் பொரிக்கிற ஃப்ரித்தாத்தீனாவில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். கறாரான சைவர்களுக்கு இன்னொன்று: பல பாரம்பரியப் பால்கட்டிகளை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மரினாரா இருக்கவே இருக்கிறது.

இத்தாலிய வாக்கியங்கள் சிலவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் "சோனோ வெஜெத்தாரியானோ", பெண்கள் "சோனோ வெஜெத்தாரியானா" என்றால் நான் சைவம் என்று அர்த்தம். "சென்சா கார்னே, சென்சா பெஷே" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். "சே லோ ஸ்த்ரூத்தோ?" என்றால் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மெனுவில் மான்சோ என்ற சொல்லைத் தேடுங்கள், பன்றி என்றால் மயாலே. ஞாயிறு மதியம் வீடுதோறும் மணக்கிற ராகு குழம்பில் இரண்டும் சேரலாம். வெங்காயத்தை மணிக்கணக்கில் உருக்கிச் செய்கிற ஜெனொவேசே பார்க்க நிரபராதியாக இருக்கும், அதில் வேகுவது பொதுவாக மாட்டிறைச்சி.

இப்படி எச்சரித்ததைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம், சைவத்துக்கு இந்த ஊர் தாராளம். கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளியும் பால்கட்டியும் அடுக்கி வேகவைக்கிற பார்மிஜானா, பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய ஃப்ரியாரியெல்லி கீரை, உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் குழையக் குழைய வருகிற பாஸ்தா எ பதாத்தே, பயறு போட்ட பாஸ்தா. கடைசி இரண்டிலும் சில இடங்களில் பன்றித் துண்டு போடுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கு போண்டா மாதிரி நீளமாக இருக்கும் குரொக்கே நன்றாகவே இருக்கும், அதையும் இறைச்சி கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கிளிஞ்சல் போட்ட ஸ்பகெத்தி, பொரித்த நெத்திலி, மிளகு தூக்கலாகப் போட்டு ஆவியில் வேகும் சிப்பி இம்பெபாத்தா. மிளகைப் பற்றிப் பின்னால் ஒரு விஷயம் சொல்கிறேன்.

காபி நின்றபடி குடிப்பது. சில கடைகளில் முதலில் கல்லாவில் காசு கட்டி, ரசீதை மேடையில் வைக்க வேண்டும். ஒரு சிறு தம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள், அதைக் காபிக்கு முன்னால் குடித்து வாயைச் சுத்தம் செய்துகொள்வது ஊர் வழக்கம். உட்கார்ந்து குடித்தால் விலை இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். காபிக்குக் காசு இல்லாத யாரோ ஒருவருக்காக இன்னொரு காபிக்கும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகிற கஃபே சொஸ்பேசோ இந்த ஊரில் பிறந்த பழக்கம். கல்லாவில் அந்தச் சொல்லைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். ஒரு தடவையாவது செய்யுங்கள்.

பில்லில் கோப்பெர்தோ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை. டிப்ஸ் கட்டாயம் கிடையாது. நாக்கு நம் சாப்பாட்டுக்கு ஏங்கினால், இந்த ஊரில் இலங்கையர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அருங்காட்சியகத்தை ஒட்டிய பகுதிகளில் அவர்களுடைய மளிகைக் கடைகள் கண்ணில் படும். அரிசி, பருப்பு, கறித்தூள் எல்லாம் கிடைக்கும் என்பதால், சமையலறை உள்ள வீட்டில் தங்குகிறவர்களுக்கு நல்ல வசதி.

முதல் நாள், வெள்ளி: பழைய நகரம்

காலை ஒன்பதுக்கு ஜெசு நூவோ சதுக்கத்தில் தொடங்குங்கள். வைரம் போலக் கூர்கூராகச் செதுக்கிய கல் முகப்புள்ள தேவாலயம். ஒரு பிரபுவின் மாளிகையாக இருந்து கோயிலானது. எதிரே சாந்தா கியாரா. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. அதன் பின்கட்டு முற்றத்தில் மஞ்சளும் நீலமும் பச்சையுமாக ஓடு பதித்த தூண்கள். காலையில் கூட்டம் வருவதற்குள் அங்கே ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிடுங்கள்.

பத்தரை, பதினொன்றுக்குச் சான்செவெரோ. 1753ல் ஜுசெப்பே சான்மார்த்தீனோ ஒரே பளிங்கில் செதுக்கிய கிறிஸ்து, மேலே மெல்லிய துணி போர்த்தியிருக்கிறது, துணியும் அதே கல்தான். நரம்பும் மூக்குத் துளையும் துணிக்கு அடியில் தெரியும். படம் எடுக்க அனுமதி இல்லை. அது நல்லதற்குத்தான், எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள்.

வெளியே வந்தால் நகரத்தை இரண்டாகப் பிளப்பதுபோல் நேராக ஓடும் தெரு ஸ்பாக்காநாபொலி. அதில் நடந்து சான் கிரெகோரியோ ஆர்மேனோ சந்துக்குள் திரும்புங்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்கான மண் பொம்மைகளை ஆண்டு முழுக்கச் செய்து விற்கிற தெரு. நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்கியவர்களுக்கு இங்கே நடக்க நடக்கச் சிரிப்பு வரும். தேவதைகளுக்கு நடுவே பிட்சா போடுகிறவர், மீன்காரி, கால்பந்து வீரர் எல்லோரும் நிற்பார்கள்.

மதியம் த்ரிபுனாலி தெருவில் பிட்சா. சாப்பிட்டதும் அதே தெருவில் பியோ மோந்தே அறக்கட்டளையின் சிற்றாலயத்துக்குப் போங்கள். கரவாஜ்ஜோ 1607ல் முடித்த கருணையின் ஏழு செயல்கள் ஓவியம், எந்த இடத்துக்காக வரைந்தாரோ அதே பலிபீடத்துக்கு மேல் இன்றும் இருக்கிறது. ஏழு கருணைச் செயல்களும் ஒரே இருட்டுச் சந்தில் ஒரே நேரத்தில் நடப்பதாக வரைந்திருக்கிறார். வெளியே வந்தால் அதே மாதிரியான சந்து.

தெம்பு இருந்தால் சான் கயத்தானோ சதுக்கத்திலிருந்து நிலத்தடி நகரத்துக்கு இறங்கலாம். தரைக்கு 40 மீட்டர் கீழே, கிரேக்கர்கள் கல் வெட்டிய குழிகள் பிறகு நீர்த்தொட்டிகளாகி, இரண்டாம் உலகப்போரில் பதுங்கு இடமாகின. சில பாதைகள் மிகக் குறுகல், இடுக்கில் மூச்சு முட்டுகிறவர்கள் தவிர்க்கவும்.

இரண்டாம் நாள், சனி: பொம்பெயி

கரிபால்தி நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சிர்கும்வெசுவியானா ரயில், சொரேந்தோ பக்கம் போவது. இறங்க வேண்டியது பொம்பெயி ஸ்கவி, வில்லா தெய் மிஸ்தேரி நிலையம். நாற்பது நிமிடம் போல ஆகும். பழைய, நெரிசலான வண்டி. உட்கார இடம் வேண்டும் என்றால் வண்டி புறப்படும் போர்த்தா நொலானா நிலையத்திலேயே ஏறுங்கள், கரிபால்திக்கு அது ஒரு நிறுத்தம் முன்னால். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். காகிதச் சீட்டு என்றால் ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை பதிக்க வேண்டும்.

திறக்கும் நேரத்துக்கே உள்ளே போய்விடுங்கள். பெரிய பையை விடமாட்டார்கள், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் போதும், உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை புதைத்த முழு நகரம் அது, இன்னும் மூன்றில் ஒரு பங்கு தோண்டப்படவே இல்லை. நான் சொல்கிற வரிசை: முதலில் ஊர்ச் சதுக்கமான ஃபோரம், அங்கிருந்து 2023ல் மறுபடி திறந்த வெத்தியி வீடு, பிறகு அபொந்தான்சா தெரு முழுக்க நடை, ஸ்தாபியா குளியல்கூடம், தப்பி ஓடியவர்கள் தோட்டத்தில் 13 உடல்களின் வார்ப்புகள், வட்டரங்கம். திரும்பும்போது ஊருக்கு வெளியே மர்மங்களின் மாளிகை, அதன் சிவப்புச் சுவர் ஓவியங்களுக்காக.

வழியில் கல் மேடையில் வட்டக் குழிகளோடு சாப்பாட்டுக் கடைகள் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் சமைக்க வசதியில்லாதவர்கள் சூடாக வாங்கிச் சாப்பிட்ட இடங்கள். பேக்கரியில் மாவரைத்த எரிமலைக்கல் ஆலைகள் அப்படியே நிற்கின்றன. சாப்பாட்டுக்காக வந்தவர்கள் இங்கே கூடுதலாக ஒரு பத்து நிமிடம் நிற்கலாம்.

நடக்க முடியாத பெரியவர்கள் உடன் இருந்தால் பொம்பெயிக்குப் பதில், அதே வெடிப்பில் புதைந்த ஹெர்குலேனியம் போங்கள். அதே ரயிலில் எர்கொலானோ ஸ்கவி நிலையம், பாதி தூரம்தான். சிறிய இடம், ஆனால் மாடி வீடுகளும் கருகிய மரக் கதவுகளும் கட்டில்களும்கூட மிஞ்சியிருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

மூன்றாம் நாள், ஞாயிறு: அருங்காட்சியகமும் சானித்தாவும்

பொம்பெயியில் வெறும் சுவர்களாகப் பார்த்ததற்கு உயிர் வருவது இங்கேதான். அங்கிருந்து எடுத்த மொசைக்குகள், சுவர் ஓவியங்கள், சமையல் பாத்திரங்கள், எட்டுத் துண்டாக வகிர்ந்த நிலையிலேயே கருகிய ரொட்டி. கீழ்த்தளத்தில் ஃபர்னேசே ஹெர்குலிஸும், ஒரே பளிங்குப் பாறையில் செதுக்கிய காளைச் சிற்பமும்.

நம்மவர்கள் தேடிப் போக வேண்டியது இரகசிய அறை என்று அழைக்கிற பகுதி. காமச் சிற்பங்களும் ஓவியங்களும் உள்ள அறை, குழந்தைகளோடு போகிறவர்கள் தெரிந்து போங்கள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில், 1938ல் அபொந்தான்சா தெரு வீடொன்றில் கிடைத்த சின்ன யானைத்தந்தப் பெண் சிலை. வளையலும் ஒட்டியாணமும் கனத்த பின்னலுமாக, இருபுறமும் தோழிகளோடு நிற்கிறாள். இந்தியாவில் செதுக்கியது. பொம்பெயி லட்சுமி என்று பெயர் நிலைத்துவிட்டது, யட்சி என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. எரிமலை வெடித்த அன்று அவள் அந்த வீட்டில் இருந்தாள்.

மிளகு விஷயம் இதுதான். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து போன மிளகு செங்கடல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கும், அங்கிருந்து இதே விரிகுடாவின் புத்தெயோலி துறைமுகத்துக்கும் வந்தது. இந்தியச் சரக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்தர்ஸ் ரோமானியப் பணத்தை உறிஞ்சுகிறது என்று எழுதியவர் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. முசிறியையும் பாண்டியனையும் மதுரையையும் குறிப்பிட்ட அதே பிளினி, இந்த விரிகுடாவில் கடற்படைத் தளபதியாக இருந்து, வெசுவியஸ் வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பலில் போய் ஸ்தாபியாவில் இறந்தார். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் மரக்கலங்களைச் சங்கப் பாடல்களில் படித்தவர்களுக்கு, அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் சும்மா கடந்து போக முடியாது.

மதியம் நடந்தே சானித்தா பகுதிக்கு. பருந்துச் சிறகு விரித்த மாதிரி படிக்கட்டுகள் உள்ள பலாத்சோ தெல்லோ ஸ்பன்யோலோ வழியில் இருக்கிறது. சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சான் ஜென்னாரோ நிலத்தடிக் கல்லறைகள். ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் வரத் தயங்கிய பகுதி இது. உள்ளூர் இளைஞர்களே கூட்டுறவு அமைத்து இந்தக் கல்லறைகளைச் சீர்செய்து சுற்றிக்காட்டுகிறார்கள். அதே சீட்டில் சான் கவுதியோசோ கல்லறைகளையும் பார்க்கலாம், வேறொரு நாளில் போனாலும் செல்லும். நான்கு நாளில் நான் எதையும் விட்டுக்கொடுப்பேன், இதை மாட்டேன்.

நான்காம் நாள், திங்கள்: மலையிலிருந்து கடல் வரை

மோந்தேசாந்தோ நிலையத்தை ஒட்டிய பின்யாசெக்கா சந்தையில் காலையைத் தொடங்குங்கள். மீன், காய்கறி, பொரித்த பண்டம், செருப்பு எல்லாம் ஒரே தெருவில். அங்கிருந்தே கேபிள் ரயிலில் மேலே போனால் சாந்த் எல்மோ கோட்டை. மேல் தளத்திலிருந்து பார்த்தால் முதல் நாள் நடந்த தெரு கோடு கிழித்த மாதிரி ஊரைப் பிளந்து ஓடுவது தெரியும், பின்னால் வெசுவியஸ். பக்கத்திலேயே சான் மார்த்தீனோ மடம், குடில் பொம்மைகளின் பெரிய தொகுப்பு அங்கே இருக்கிறது.

இறங்கும்போது ரயில் வேண்டாம், பெதமெந்தீனா படிகள் வழியாக வாருங்கள். நானூறுக்கு மேல் படிகள், இறக்கம் மட்டும்தான் என்றாலும் முழங்கால் வலி உள்ளவர்கள் ரயிலிலேயே வந்துவிடுங்கள். கீழே ஸ்பானியர் குடியிருப்பு. மரடோனா சுவரோவியமும் அதைச் சுற்றிய சின்னக் கோயிலும் இங்கே. 1987லும் 1990லும் இந்த ஊருக்கு லீக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர். அவரைப் பற்றி யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள், நேரம் போவது தெரியாது. தொலேதோ மெட்ரோ நிலையத்தில் எங்கும் போக வேண்டியதில்லை என்றாலும் ஒரு சீட்டு வாங்கி மின்படியில் இறங்குங்கள். கடலுக்கடியில் இறங்குகிற மாதிரி நீல மொசைக் சுவர்.

மாலையில் பிளெபிஷீத்தோ சதுக்கம், சான் கார்லோ அரங்கின் முகப்பு, பிறகு கடலோரச் சாலை. மெர்ஜெல்லீனா வரை நடந்து, கடைகளில் சூடான தராலி. வழியில் எலுமிச்சை வண்டி கண்டால் சோடா உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கேளுங்கள். உப்பைப் போட்டதும் பொங்கும், கால்களை அகட்டி முன்னால் குனிந்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டை நனையும்.

மலையும் படியும் வேண்டாம் என்பவர்கள் இந்த நாளைப் பொத்சுவோலிக்குக் கொடுக்கலாம். பழைய புத்தெயோலிதான் அது. மெட்ரோ இரண்டாம் தடத்தில் போகலாம். ரோமானியச் சந்தையின் தூண்களில் கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. எரிமலை மண் தாழ்ந்து கடலில் மூழ்கி மறுபடி உயர்ந்ததன் அடையாளம். அந்த மண் இன்றும் அசைகிறது, சிறு நிலநடுக்கங்கள் அங்கே வழக்கமானவை.

பாதுகாப்பும் காசும்

ஊருக்கு இருக்கிற கெட்ட பேர் நிஜத்தைவிடப் பெரிது. கைப்பையைத் தெருப்பக்கம் தொங்கவிடாமல் சுவர்ப்பக்கம் வையுங்கள், போனை ஸ்கூட்டர் கைக்கு எட்டுகிற மாதிரி நீட்டிப் பிடிக்காதீர்கள், ரயிலில் பணப்பையைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். சாலை கடப்பது சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை: ஓடாமல், நிற்காமல், ஒரே வேகத்தில் நடந்தால் வண்டிகள் சுற்றிக்கொண்டு போகும். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 யூரோ வைத்தால் தாராளம், பிட்சாவும் தெருத் தீனியும் என்றால் அதில் பாதியே போதும். கார்டு எங்கும் செல்லும், சந்தைக்கும் காபிக்கும் மட்டும் சில்லறை வேண்டும்.

கிளம்பும் நாளில் ஊருக்கு வாங்கிப் போக உலர்ந்த கிரன்யானோ பாஸ்தா, காபித்தூள், ஒரெகானோ கட்டு ஆகியவை நல்லவை, எடையும் குறைவு. லிமொன்செல்லோ என்ற எலுமிச்சை மதுப் புட்டியைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். எருமைப்பால் மொட்சரெல்லாவை மட்டும் கட்டிக்கொண்டு வர நினைக்க வேண்டாம், செய்த அன்றே, ஃப்ரிட்ஜில் வைக்காமல் சாப்பிட்டால்தான் அதன் ருசி. கடைசி நாள் காலையில் ஒன்று வாங்கி, ரயிலேறும் முன் தக்காளியோடும் ரொட்டியோடும் முடித்துவிடுங்கள்.